இசைத்தட்டுப் பட்டியலில் பெரிய எழுத்து எங்கே, சின்ன எழுத்து எங்கே

செட்டிநாட்டு வீடுகளில் பழைய இசைத்தட்டுப் பெட்டி ஒன்று அகப்பட்டால் அதில் ஒரே மொழிப் பாட்டு மட்டும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஐயாக்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஊர்கள் ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று பரந்து கிடந்தன. சைகோன் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஓடியன் என்ற தட்டுக் கம்பெனியின் தாயகம் ஜெர்மனி. காரைக்குடியில் தகப்பனார் கடையில் தட்டு விற்று வளர்ந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார், பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் தொழில் செய்தது அந்த ஓடியனோடுதான். ஆகவே ஒரே பெட்டியில் தியாகராஜர் கீர்த்தனையும் தமிழிசைப் பாட்டும் வியன்னா வால்ட்ஸும் இத்தாலிய ஆபரா என்ற இசைநாடகப் பாட்டும் அடுத்தடுத்துக் கிடப்பது இயல்பு.

இவற்றைக் கணினியில் பட்டியல் போடும்போது ரோமன் எழுத்தில் தலைப்பு எழுத வேண்டிய இடம் வரும். அங்கேதான் சிக்கல். தட்டின் லேபிளில் பெரும்பாலும் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) அச்சாகியிருக்கும். எந்தச் சொல் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதற்கு லேபிள் சாட்சி சொல்லாது. அதைப் பார்த்து எழுதவே முடியாது, விதி தெரிந்துதான் எழுத வேண்டும். அந்த விதி பட்டியல் எந்த மொழியில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. தலைப்பு எந்த மொழியோ அந்த மொழியின் விதி. ஆங்கிலப் பட்டியலுக்குள் வந்துவிட்டது என்பதற்காக இத்தாலியத் தலைப்புக்கு ஆங்கிலச் சட்டை மாட்டுவதுதான் இந்த வேலையில் மிகப் பரவலான பிழை.

இங்கே எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. ரோமனில் எழுதும்போது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டிய சொல்லுக்கு முன்னால் ▲ என்ற குறி போட்டிருக்கிறோம். குறி இல்லாத சொல் சின்ன எழுத்தில் தொடங்கும்.

முதல் வேலை: மொழியைக் கண்டுபிடிப்பது

தாளில் எதையும் எழுதுவதற்கு முன் பட்டியலில் இந்தக் கட்டங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்: லேபிளில் உள்ளபடி தலைப்பு, மூல எழுத்தில் தலைப்பு, ரோமனில் திருத்திய தலைப்பு, தலைப்பின் மொழி, இயற்றியவர், பாடியவர் அல்லது வாசித்தவர், ராகமும் தாளமும், மேற்கத்திய இசையானால் சுருதியும் ஓபஸ் எண்ணும் (இயற்றியவரின் படைப்புகளுக்கு இட்ட வரிசை எண்), பாகம், தட்டின் விற்பனை எண், லேபிளை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் (பதிவுக்குக் கம்பெனி இட்ட எண்).

லேபிளில் உள்ளபடி என்ற கட்டத்தில் எழுத்துப்பிழை இருந்தாலும் அப்படியே ஏற்றுங்கள். திருத்தம் எல்லாம் மூன்றாவது கட்டத்தில் மட்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், பின்னால் யாராவது தட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எது அச்சில் இருந்தது, எது நீங்கள் மாற்றியது என்று பிரிக்க முடியாமல் போகும்.

பாகத்துக்குத் தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும். 78 சுழற்சித் தட்டில், 10 அங்குல அளவில், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடந்தான் அடங்கும். அதனால் ஒரே கீர்த்தனை இரு பக்கங்களில் ‘பாகம் 1’, ‘பாகம் 2’ என்று வெட்டுப்பட்டிருக்கும். பாகத்தைத் தலைப்போடு ஒட்டி எழுதினால் ஒரே பாட்டு பட்டியலில் இரண்டு பாட்டாகிவிடும்.

மொழியைத் தெரிந்துகொள்ளத் தலைப்பின் முதல் சொல்லே பெரும்பாலும் போதும். ‘தி’ என்றால் ஆங்கிலம். ‘டேர்’, ‘டீ’, ‘தாஸ்’ ஜெர்மன். ‘இல்’ இத்தாலியம். ‘எல்’, ‘லாஸ்’ ஸ்பானியம். ‘லா’, ‘லெ’ இரண்டும் ஏமாற்றும். இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் எழுத்தளவில் ஒரே மாதிரி இருக்கும். அப்போது தலைப்பின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். உயிரெழுத்தில் முடியும் சொற்களாக அடுக்கியிருந்தால் இத்தாலியம் என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு உறுதி செய்யலாம். இயற்றியவரின் நாட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். மோட்ஸார்ட் ஆஸ்திரியர், அவருடைய ஆபராக்கள் சில இத்தாலிய மொழியில், சில ஜெர்மனில்.

ஒரே இசை, நான்கு மொழி

விவால்டியின் நான்கு பருவங்கள், 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஓபஸ் 8இன் முதல் நான்கு கன்செர்ட்டோக்கள். இதன் தலைப்பை நான்கு மொழியில் எழுதிப் பார்த்தாலே பாதி விதி புரிந்துவிடும்.

ஆங்கிலம்: ▲தி ▲ஃபோர் ▲சீசன்ஸ்
இத்தாலியம்: ▲லெ க்வாத்ரோ ஸ்தஜோனி
ஜெர்மன்: ▲டீ ஃபீர் ▲யாரஸ்ட்ஸைட்டன்
பிரெஞ்சு: ▲லே ▲காத்ர் ▲செஸோன்

ஆங்கிலத்தில் மூன்றும் பெரியவை. இத்தாலியத்தில் முதல் சொல் மட்டும். ஜெர்மனில் முதல் சொல்லும், ‘பருவங்கள்’ என்ற பெயர்ச்சொல்லும். பிரெஞ்சில் ஆங்கிலத்தைப் போலவே மூன்றும் வந்துவிட்டது. ஆனால் காரணம் வேறு. அதைக் கீழே பார்க்கலாம்.

இத்தாலியம்தான் மிக எளிது. வாக்கியம் எழுதுவதுபோல முதல் சொல்லும், நடுவில் வரும் ஆள்பெயர் ஊர்ப்பெயரும் மட்டுமே பெரிய எழுத்து. வெர்தியின் ஆபரா ▲லா த்ராவியாதா. இரண்டாவது சொல் சின்ன எழுத்துத்தான், எத்தனை சுவரொட்டியில் மாற்றிப் போட்டிருந்தாலும். மோட்ஸார்ட்டின் ▲கொஸீ ஃபான் தூட்டே. நடுவில் பெயர் வந்தால்: ▲லெ நோட்ஸே தி ▲ஃபிகரோ. ஊர் வந்தால்: ரொஸ்ஸினியின் ▲இல் பார்பியேரே தி ▲ஸிவீல்யா. ஸ்பானியம், ரஷ்யம், செக் மொழிகளுக்கும் இதே வழிதான். ஃபாயாவின் ▲எல் அமோர் ப்ரூஹோ, சைகோவ்ஸ்கியின் ▲லெபெதினொயே ஓஸெரோ, ஸ்மெட்டனாவின் ▲மா வ்லஸ்த். இவற்றுக்கெல்லாம் தனித்தனி விதி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாம், அது வாக்கியத்தில் எங்கே வந்தாலும், பெரிய எழுத்தில் தொடங்கும். தலைப்புக்கென்று தனி ஏற்பாடு கிடையாது. ஆகவே முதல் சொல், பிறகு ஒவ்வொரு பெயர்ச்சொல். பெயரடை, முன்னிடைச்சொல் (ஆங்கிலத்தின் ‘இன்’ போன்றவை), சார்பெழுத்து (ஆங்கிலத்தின் ‘தி’ போன்றவை) எல்லாம் சிறியவை. 1867இல் அரங்கேறிய ஸ்ட்ராஸின் ஓபஸ் 314, பழைய பெட்டிகளில் அகப்பட வாய்ப்புள்ள வால்ட்ஸ்: ▲ஆன் டேர் ஷோனன் ப்ளாவன் ▲டோனாவ். அழகிய, நீல என்ற இரு பெயரடையும் சிறியவை. ஆற்றின் பெயர் மட்டும் பெரியது. மோட்ஸார்ட்டின் ▲ஐன க்ளைன ▲நாஹ்ட்முஸீக் இன்னொரு எடுத்துக்காட்டு. மாலரின் ▲தாஸ் ▲லீட் ஃபொன் டேர் ▲ஏர்டே மற்றொன்று. ஜெர்மன் தெரியாதவர் தடுமாறுவது எது பெயர்ச்சொல் என்று கண்டுபிடிப்பதில்தான். அகராதியைத் திறந்தால் போதும். ஜெர்மன் அகராதியில் பெயர்ச்சொல் பெரிய எழுத்தோடேயே அச்சாகியிருக்கும்.

பிரெஞ்சு கொஞ்சம் அடம் பிடிக்கும். மரபான விதி இது. தலைப்பு ‘ல’, ‘லா’, ‘லே’ என்ற சுட்டுச் சார்பெழுத்தில் தொடங்கினால், அந்தச் சொல்லும், அதன் பின் வரும் முதல் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்து. அந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடையோ எண்ணோ நின்றால் அதுவும் பெரிய எழுத்து. அதற்குப் பின் வருவன எல்லாம் சிறியவை. அதனால்தான் மேலே ▲லே ▲காத்ர் ▲செஸோன் என்று மூன்றும் பெரிதாயின. ஸ்ட்ராவின்ஸ்கியின் ▲ல ▲சாக்ர் டியு ப்ரான்தாம், சான்-சான்ஸின் ▲ல ▲கார்னவால் தேஸ் அனிமோ ஆகியவற்றில் முதல் பெயர்ச்சொல்லோடு பெரிய எழுத்து நின்றுவிடுகிறது.

சார்பெழுத்து இல்லாமல் தொடங்கினால் முதல் சொல் மட்டும். பெர்லியோஸின் ▲சம்ஃபொனி ஃபாந்தஸ்தீக். டெபுஸ்ஸியின் ▲ப்ரெலூட் ஆ லாப்ரே-மிதி தன் ஃபோன்: இவ்வளவு நீளத் தலைப்பில் ஒரே ஒரு பெரிய எழுத்து. முழு வாக்கியமாக வினைச்சொல்லோடு அமைந்த தலைப்புக்கும் முதல் சொல் மட்டுந்தான்.

இந்த மரபு விதி பிடிக்காதவர்களும் உண்டு. நூலகப் பட்டியல்களில் பிரெஞ்சுத் தலைப்பையும் இத்தாலியம்போல முதல் சொல்லை மட்டும் பெரிதாக்கி எழுதுவார்கள். அதுவும் சரியே. எங்கள் கருத்தில், பிரெஞ்சு இலக்கணம் தெரிந்தவர் ஒருவரும் பக்கத்தில் இல்லாவிட்டால் நூலக வழியே நல்லது. பெயர்ச்சொல் எது, பெயரடை எது என்று தவறாகக் கணித்து மரபு விதியைப் பாதி பிடிப்பதைவிட, எளிய விதியை முழுதாகப் பிடிப்பது பட்டியலுக்கு நல்லது. எதைத் தேர்ந்தாலும் பட்டியலின் தலையில் ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள்.

பெரிய எழுத்திலும் பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகள் விழக் கூடாது. லேபிளில் முழுப் பெரிய எழுத்தாக அடிக்கும்போது அச்சகத்தார் குறிகளை விட்டிருக்கலாம். திருத்திய தலைப்பில் அவற்றைத் திரும்பப் போட வேண்டும்.

நாட்டுப் பெயரிலிருந்து வந்த பெயரடை தனிப் பொறி. பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ▲ஹங்கேரியன் ▲டான்ஸஸ். பிரெஞ்சில் ▲தான்ஸ் ஒங்ரவாஸ், இரண்டாவது சொல் சிறியது. இத்தாலியத்தில் ▲தான்ஸே உங்கெரேஸி, அங்கும் சிறியது. ஜெர்மனில் ▲உங்காரிஷ ▲டென்ஸ. முதல் சொல் பெரிதாக வந்தது அது முதல் சொல் என்பதால்தான், நடுவில் வந்திருந்தால் சிறிதாகியிருக்கும். மாதப் பெயரும் கிழமைப் பெயரும் பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் மூன்றிலும் சின்ன எழுத்துத்தான்.

ஆங்கிலத்தின் வம்பு

நமக்கு மிகவும் பழகிய மொழி என்பதால் ஆங்கிலம் எளிது என்று தோன்றும். உள்ளவற்றில் சண்டை அதிகம் உள்ளது இதில்தான். அடிப்படை இது: முதல் சொல், கடைசிச் சொல், பெயர், பிரதிப்பெயர், வினை, பெயரடை, வினையடை எல்லாம் பெரியவை. ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ என்ற சார்பெழுத்துகளும், ‘அண்ட்’, ‘ஆர்’, ‘பட்’ போன்ற இணைப்புச் சொற்களும், ‘ஆஃப்’, ‘இன்’, ‘டு’ போன்ற குட்டி முன்னிடைச்சொற்களும் சிறியவை.

நீளமான முன்னிடைச்சொல்லுக்கு ஒவ்வொரு கையேடும் ஒவ்வொரு எல்லை சொல்லும். அமெரிக்கச் செய்தி நிறுவனமான ஏ.பி.யின் கையேட்டில் நான்கு எழுத்து இருந்தாலே பெரியது. புத்தகப் பதிப்பாளர்கள் கையாளும் சிகாகோ கையேடு நீண்ட காலம் எத்தனை எழுத்தானாலும் சிறியது என்றே வைத்திருந்து, 2024இல் வந்த 18ஆம் பதிப்பில் ஐந்து எழுத்தும் அதற்கு மேலும் இருந்தால் பெரியது என்று மாற்றிக்கொண்டது. நூலகப் பட்டியல் விதிகளோ ஆங்கிலத் தலைப்பையும் முதல் சொல் மட்டும் பெரிதாக எழுதச் சொல்கின்றன. ஆகவே இணையத்தில் ஒரே பாட்டை மூன்று விதமாகப் பார்த்தால் ஒன்றுதான் சரி, மற்றவை தப்பு என்று எண்ண வேண்டாம். பட்டியல் வீட்டுக்கா, நூலகத்துக்கா, இசைக்கோப்புச் செயலிக்கா என்று முதலில் தீர்மானியுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகமும் ஏடும் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அதுபோல உங்கள் பெட்டியும் ஒருநாள் நூலகத்துக்குப் போகக் கூடும் என்று நினைத்தால், தொடக்கத்திலேயே நூலக விதியைப் பிடிப்பது உத்தமம். பின்னால் முழுவதையும் மாற்றுவது பெரிய பாடு.

ஆங்கிலத்தில் அடிக்கடி தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, ‘இஸ்’, ‘பி’, ‘இட்’ போன்ற இரண்டெழுத்துச் சொற்கள். குட்டியாக இருப்பதால் சிறிதாக்கிவிடுகிறார்கள். ஆனால் முதல் இரண்டும் வினை, மூன்றாவது பிரதிப்பெயர். பெரிதாகத்தான் வர வேண்டும். இரண்டு, ‘அப்’ போன்று வினையோடு ஒட்டி நிற்கும் துணைச்சொற்கள். ‘எழுந்திரு’ என்ற பொருளில் ‘கெட் அப்’ வந்தால் ‘அப்’பும் பெரியது, மலைமேல் என்ற பொருளில் முன்னிடைச்சொல்லாக வந்தால் சிறியது.

தமிழ், தெலுங்கு, வடமொழிப் பாட்டுகள்

நம் எழுத்துகளில் பெரியது சிறியது என்ற பேதம் கிடையாது. மூல எழுத்துக் கட்டத்தில் கவலையே இல்லை. ரோமனுக்குப் போனால்தான் கேள்வி. கர்நாடக இசையில் தலைப்பு என்று புலவர் தனியாக வைப்பது அரிது. பல்லவியின் முதல் சில சொற்களே தலைப்பாகின்றன. அது வாக்கியத்தின் தொடக்கம். ஆகவே வாக்கியம்போல எழுதுவதே பொருத்தம்: முதல் சொல்லும், நடுவில் வரும் ஆள், தெய்வம், ஊர்ப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்து.

தியாகராஜரின் ஸ்ரீராக பஞ்சரத்தினம்: ▲எந்தரோ மஹானுபாவுலு. தீட்சிதரின் ஹம்சத்வனிக் கீர்த்தனை: ▲வாதாபி ▲கணபதிம், ஊர்ப்பெயர், தெய்வப்பெயர் இரண்டும் பெரியவை. பாபநாசம் சிவனின் காபி ராகப் பாட்டு: ▲என்ன தவம் செய்தனை ▲யசோதா. அவருடைய வராளி ராகப் பாட்டு: ▲கா வா வா ▲கந்தா வா. சிவகங்கையில் பிறந்த சுத்தானந்த பாரதியின் பாட்டு: ▲எப்படிப் பாடினரோ. கோபாலகிருஷ்ண பாரதியின் ஆபோகி: ▲சபாபதிக்கு வேறு தெய்வம்.

வேற்றுமை உருபு ஒட்டினாலும் பெயர் பெயர்தான். முருகனை, சபாபதிக்கு, பிள்ளையார்பட்டியில் என்று எப்படி நீண்டாலும் முதல் எழுத்து பெரிது. விளியும் அப்படியே. சிக்கல் வருவது அடைமொழிகளில். பாற்கடலில் பள்ளிகொண்டவனே, தாமரைக் கண்ணனே என்பவை தெய்வத்தைக் குறிப்பனவே என்றாலும் அவற்றைப் பெயராக எண்ணிப் பெரிதாக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. வடமொழிக் கீர்த்தனையில் ஒவ்வொரு சொல்லும் பெரிதாகிவிடும். அர்ச்சனையில் சொல்லும் தனிப்பெயராக வழங்கினால் பெரிது, வருணனையாக நின்றால் சிறிது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாடகர் பெயரின் முன் நிற்கும் ஊர் பெயரின் பகுதியே. வீணை வித்துவான் காரைக்குடி சாம்பசிவ ஐயரின் பெயரில் ‘காரைக்குடி’ பெரிய எழுத்தோடேயே நிற்கும்.

புணர்ச்சியில் வரும் ஒற்றை என்ன செய்வது? ‘எப்படிப் பாடினரோ’வில் நடுவில் நிற்கும் ‘ப்’. ஆய்வு முறையில் எழுதினால் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு முறையில் எழுதினால் விட்டுவிடுங்கள். பாதிப் பாட்டில் வைத்துப் பாதியில் விட்டால் அகரவரிசை குலையும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. கர்நாடக இசைப் பாடல் வரிகளைக் கணினியில் தட்டச்சு செய்வோர் பலர் பயன்படுத்தும் முறையில் பெரிய எழுத்து மரியாதைக்காக வருவதில்லை. அது வேறு ஒலி. சின்ன ‘ஏ’ எழுத்து அகரம், பெரிய ‘ஏ’ எழுத்து ஆகாரம். சின்ன ‘ஆர்’ ரகரம், பெரிய ‘ஆர்’ றகரம். ‘எல்’ சிறிதானால் லகரம், பெரிதானால் ளகரம். ‘என்’ பெரிதானால் ணகரம். இந்த முறையில் எழுதிய தலைப்பின் முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் சொல்லே மாறும். ஊத்துக்காடு வேங்கடகவியின் ‘அலைபாயுதே’ முதல் எழுத்து பெரிதானதும் ‘ஆலைபாயுதே’ ஆகிவிடும். கண்ணன் குழலுக்குப் பதில் கரும்பாலை.

இதற்கு வழி, இரண்டு முறையையும் ஒரே கட்டத்தில் கலக்காமல் இருப்பது. ஒலிக்காகப் பெரிய எழுத்தைப் பயன்படுத்தும் வடிவத்துக்குத் தனிக் கட்டம் ஒன்று ஒதுக்குங்கள். அங்கே தலைப்பு விதி எதையும் ஏற்றாதீர்கள், முதல் எழுத்தையும் தொடாதீர்கள். மக்கள் படிக்கும் ரோமன் தலைப்புக்கு வேறு கட்டம். அதில் துல்லியமும் வேண்டும் என்றால் மேலே கோடும் கீழே புள்ளியும் போடும் முறையைக் கையாளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது கையாண்டது அத்தகைய முறை. இந்திய எழுத்துகளை ரோமனில் எழுத 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15919 என்ற பன்னாட்டுத் தரமும் அந்தக் குடும்பந்தான். இவற்றில் நெடிலைக் கோடு காட்டும், ள, ண, ழ, ற வேறுபாட்டைப் புள்ளியும் கோடும் காட்டும்; எனவே பெரிய எழுத்து ஓய்வாக இருக்கும், தலைப்பு விதிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ராகப் பெயரும் தாளப் பெயரும் ரோமனில் பெரிய எழுத்தில் தொடங்கட்டும்; ‘ராகம்’, ‘தாளம்’ என்ற சொற்கள் சிறிதாக இருக்கட்டும். திரைப்பாட்டுகளுக்கும் முதல் வரியே தலைப்பு, விதியும் அதே. படத்தின் பெயரைத் தலைப்போடு சேர்க்காமல் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

சுருதியும் எண்ணும்

தனிப்பெயர் இல்லாமல் ‘சிம்ஃபனி, எண் 5’ என்று வகைப்பெயரில் வழங்கும் படைப்புகளுக்கு வேறு கணக்கு. வகைப்பெயரின் முதல் எழுத்து பெரிது. ‘நம்பர்’, ‘ஓபஸ்’ என்பவற்றின் சுருக்கத்தைப் பெரிதாகவும் எழுதுகிறார்கள், சிறிதாகவும் எழுதுகிறார்கள், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயர் இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பேத்தோவனின் ஓபஸ் 27, எண் 2க்கு ‘மூன்லைட்’ என்ற பெயர் அவர் வைத்ததன்று. அதனால் அது தலைப்பின் உடம்பில் சேராது. ஒரு படைப்பின் உட்பகுதிக்குத் தலைப்பாக வரும் ‘அல்லெக்ரோ மா நொன் த்ரொப்போ’ போன்ற வேகக் குறிப்பு இத்தாலியம். முதல் சொல் மட்டும் பெரிது.

ஜெர்மன் லேபிளில் சுருதியைக் கவனமாகப் பாருங்கள். அங்கே மேஜர் சுருதியின் எழுத்து பெரிது, மைனர் சுருதியின் எழுத்து சிறிது. பெரிய ‘ஸி’யோடு ‘டூர்’, சின்ன ‘ஸி’யோடு ‘மோல்’. இந்த வேறுபாட்டை அழகுக்காக என்று நினைத்து ஒழுங்குபடுத்தக் கூடாது. கூடவே இன்னொரு குழி: ஜெர்மானியர் ‘ஹா’ என்று சொல்லும் ‘எச்’ எழுத்து ஆங்கிலத்தின் ‘பி’, அவர்களுடைய ‘பி’ ஆங்கிலத்தின் ‘பி ஃப்ளாட்’. பாஹின் பி மைனர் மாஸ் ஜெர்மன் லேபிளில் சின்ன ‘எச்’ எழுத்தோடு இருக்கும். லேபிளைப் பார்த்து அப்படியே ஆங்கிலக் கட்டத்தில் ஏற்றினால் சுருதி பொய்யாகும். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் சுருதியை எழுத்தால் சொல்லாமல் ‘தோ’, ‘ரே’, ‘மி’ என்று சுரப் பெயரால் சொல்வார்கள்.

பாஹ் படைப்புகளுக்கான பி.டபிள்யூ.வி. என்ற எண்முறைக் குறி மூன்றெழுத்தும் பெரியவை. மோட்ஸார்ட்டுக்குக் கோஷல் எண், ஷூபர்ட்டுக்கு டாய்ட்ஷ் எண். இவற்றின் ஓரெழுத்துச் சுருக்கமும் பெரிது.

கணினி செய்யும் குறும்பு

எக்ஸெலில் ‘ப்ராப்பர்’ என்று ஒரு சூத்திரம் உண்டு. எல்லாச் சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக்கும். ஆயிரம் வரியை நொடியில் திருத்திவிடலாம் என்று ஆசை காட்டும். தொடாதீர்கள். மொழி எது என்று அதற்குத் தெரியாது. இத்தாலியம், பிரெஞ்சு, தெலுங்கு எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டும். மேற்கோள் ஒற்றைக்குறிக்குப் பின் வரும் எழுத்தையும் பெரிதாக்கும்; ஆங்கிலத்தின் ‘டோன்ட்’ என்ற சொல்லில் கடைசி ‘டி’ பெரிதாகிவிடும். பி.டபிள்யூ.வி. முதல் எழுத்து மட்டும் பெரிதாகி மற்றவை சுருங்கும். ரோமன் எண்கள் ‘இரண்டு’, ‘நான்கு’ என்பவையும் சிதைந்துபோகும்.

அடுத்தது தானியங்கித் திருத்தம். எக்ஸெலின் தானியங்கித் திருத்த அமைப்பில், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் இரண்டாவதைச் சிறிதாக்குவது என்று இரு தேர்வுகள் உண்டு. ஒலிமுறைக் கட்டத்தில் ‘ஆறுமுகம்’ என்று எழுத ஆகாரத்துக்கும் றகரத்துக்கும் இரண்டு பெரிய எழுத்து அடுத்தடுத்து வரும். திருத்தி அதைத் தவறு என்று நினைத்துச் சுருக்கும், ‘ஆருமுகம்’ ஆகும். இரண்டு தேர்வையும் வேலை தொடங்கும் முன்பே அணைத்துவிடுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்தால் விசைப்பலகை அமைப்பில் முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கும் வசதியையும் அணைக்க வேண்டும்.

கோப்பை சி.எஸ்.வி. வடிவில் சேமிக்கும்போது யூ.டி.எஃப்.-8 என்ற தேர்வைக் கொடுங்கள். இல்லாவிட்டால் பிரெஞ்சுக் குறியும் தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக மாறித் திரும்பாது.

ஒலிப்பதிவுகளைத் தலைப்பின் பெயரிலேயே கோப்பாக வைத்தால் இதையும் நினைவில் கொள்ளுங்கள்: விண்டோஸில் ஒரே தலைப்பு, ஒரு எழுத்து மட்டும் பெரிது சிறிது வேறுபாடு என்றால் இரண்டும் ஒரே பெயர், பின்னால் வந்தது முன்னதை அழிக்கும். லினக்ஸில் இரண்டும் வெவ்வேறு கோப்பு. ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது தட்டுகள் காணாமற்போவது இப்படித்தான். கோப்புப் பெயருக்குத் தட்டின் விற்பனை எண்ணையும் பாகத்தையும் சேர்த்துக்கொண்டால் மோதல் வராது.

சரிபார்ப்பது

வரிசையாக மேலிருந்து கீழே படித்தால் கண் பழகிவிடும், பிழை தெரியாது. மொழிக் கட்டத்தில் வடிகட்டி ஒவ்வொரு மொழியாகப் பாருங்கள். இத்தாலிய வடிகட்டலில் நடுவில் பெரிய எழுத்து எங்கே தெரிந்தாலும் அது ஆள்பெயரா, ஊர்ப்பெயரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் பிழை. ஜெர்மனில் தலைகீழ்: முதல் சொல்லைத் தாண்டி ஒரு பெரிய எழுத்துகூட இல்லாத தலைப்பைச் சந்தேகப்படுங்கள், ▲கொஸீ ஃபான் தூட்டே போன்ற இத்தாலியத் தலைப்பு மொழிக் கட்டம் தவறி அங்கே வந்திருக்கலாம். பிரெஞ்சில் சார்பெழுத்தில் தொடங்குபவற்றைத் தனியே எடுத்து, நீங்கள் தேர்ந்த விதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ், தெலுங்குப் பகுதியில் தெய்வப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஒரு வரியில் கந்தன் பெரிதாகவும் அடுத்த வரியில் சிறிதாகவும் இருப்பான்.

எக்ஸெலின் இரட்டை நீக்கும் வசதி பெரிய, சின்ன எழுத்தை ஒன்றாகவே கருதும். அதனால் அதை நீக்க விடாதீர்கள்; எந்த வடிவம் சரி என்று அதற்குத் தெரியாது. இரு தலைப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்க்க ‘எக்ஸாக்ட்’ என்ற சூத்திரம் இருக்கிறது. அது பெரிது சிறிதையும் பார்க்கும். ஒரே பாட்டின் இரு பாகங்களுக்கும் தலைப்பு ஒன்றாக இருக்கிறதா என்பதை இதால் சோதித்துவிடலாம். பொய் என்று விடை வந்த வரிகளை மட்டும் தட்டோடு வைத்துப் பாருங்கள். ஷெல்லாக் என்ற அரக்கால் ஆன இந்தப் பழைய தட்டை எடுக்கும்போது விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் பிடியுங்கள். லேபிள் மங்கியிருந்தாலும் ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ தடவித் துடைக்காதீர்கள். ஷெல்லாக் அதில் கரையும்.